முதல் ஈடு

இட்லிக் குண்டானில் இருந்து இறங்கும் முதல் ஈட்டை யார் சாப்பிட வேண்டும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சாமிக்கு என்பீர்கள். கடை என்று வந்துவிட்டால் காசு கொடுக்கிறவனுக்கு என்பீர்கள். புதுப்பட்டினத்தில் செங்கமலத்தின் மெஸ்ஸில் மட்டும் கடை திறந்த நாளில் இருந்து முதல் ஈட்டை வேலைக்காரிகள்தான் சாப்பிட்டார்கள்.

கல்பாக்கத்துக்குள் போகிற ஸ்டாஃப் பஸ் வந்து நிற்குமே, அந்த இடத்துக்கு எதிரில்தான் மெஸ். தகரக் கூரை, நாலு மேசை, பெயர்ப் பலகை கிடையாது. கடல் பக்கத்தில் இருந்து வரும் உப்புக்காற்று தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறினால் கூரையின் ஓட்டைகள் வழியாகச் சமையற்கட்டுத் தரையில் வெளிச்சம் காசு காசாக விழும். மழைக்காலத்தில் அதே ஓட்டைகளுக்குக் கீழே ஆளுக்கொரு டபரா வைப்பார்கள். இந்த ஐப்பசிக்குள் கூரையை மாற்றிவிட வேண்டும் என்பது செங்கமலத்தின் நினைப்பு. போன ஐப்பசிக்கு முன்பும் அதே நினைப்புத்தான்.

வேலைக்கு இரண்டு பேர். தேசம்மா நாற்பதைத் தாண்டியவள். பேசுவது குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அமுலு சின்னவள், ஒரு பிள்ளைக்காரி. வாய் மூடவே மூடாது. விடியும் முன்னே இருவரும் வெங்கப்பாக்கத்தில் இருந்து நடந்து வருவார்கள். ஒருத்தி அடுப்பு மூட்ட, ஒருத்தி தேங்காய் துருவ, செங்கமலம் தட்டில் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றுவாள். குண்டான் மூடியின் ஓரத்தில் ஆவி சீறி வந்ததும் இறக்கி, துணியைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரிப்பாள். முதல் ஈடு இருவர் தட்டுக்கும் போகும். முந்தின நாள் வடகறி மிச்சம் இருந்தால் அதுவும். சாயங்காலம் போகும்போது தூக்கில் ஆளுக்கு ஒரு கரண்டி மீன்குழம்பு.

"இன்னா, புளிச்சிகிதா? உப்பு சரியா கீதா?" என்று கேட்பாள்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பாள் தேசம்மா. செங்கமலம் சட்னியில் உப்பைக் குறைத்துச் சரிக்கட்டிவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் செங்கமலம் செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஓர் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தவள். அங்கே வேலைக்காரர்களுக்கு டிபன் எல்லாம் முடிந்த பிறகு, விற்காமல் காய்ந்ததுதான். பசித்த வாய் உப்புப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வயிறு நிறைந்த வாய்க்குத்தான் குற்றம் தெரியும் என்பது அங்கே அவள் படித்த பாடம். தர்மம் பாதி, தொழில் பாதி.

ஆனால் கூலி என்று வந்தால் அவள் கை கொஞ்சம் முடங்கும். ஊரில் என்ன நடப்போ அதைத்தான் கொடுத்தாள். ஊர் நடப்புக்கும் சர்க்கார் சொன்னதற்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவசியம் வந்ததில்லை, அவள் புருஷன் சடையப்பன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வரும் வரைக்கும்.

சடையப்பன் டவுன்ஷிப்பில் ஒரு காண்ட்ராக்டரிடம் தோட்ட வேலை பார்த்தான். புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, வேலி கத்தரிப்பது. டவுன்ஷிப் நிர்வாகம் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் கூலி வேறு, காண்ட்ராக்டர் இவர்களுக்குக் கொடுக்கும் கூலி வேறு. அந்தப் பங்குனியில் அத்தனை பேரும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். செங்கல்பட்டில் லேபர் ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்; கேட்டுக்கு எதிரே ரோட்டில் உட்கார்ந்தார்கள். காண்ட்ராக்டர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோடை மழை ஒன்று பெய்தது. புல் முழங்கால் உயரம் எழுந்து, பெரிய ஆபீசர் வீட்டு வராந்தாவில் ஒரு சாரைப்பாம்பு வந்து படுத்துக்கொண்டது. மனுவுக்கு இறங்காத காண்ட்ராக்டர் பாம்புக்கு இறங்கினார். குறைந்தபட்சக் கூலி, அரசாங்கம் சொன்னபடி, வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சடையப்பன் மெஸ்ஸுக்குள் நுழையும்போது நடையே மாறியிருந்தது.

"எல்லாம் வாயத் தொறங்க" என்று ஆளுக்கொரு துண்டு மைசூர்பாகு போட்டான். "ஜெயிச்சிட்டோம். சட்டம்னா சட்டம். கொறஞ்ச கூலின்னு ஒண்ணு கீது. அதுக்குக் கீழ ஒரு பைசா கொறச்சாலும் குத்தம்."

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த தேசம்மா இனிப்பை மெதுவாக மென்று விழுங்கினாள்.

"அண்ணாத்த, ஒரு டவுட்டு."

"கேளு தேசம்."

"அந்தச் சட்டம் புல்லு வெட்றவங்களுக்கு மட்டுந்தானா, மாவு ஆட்றவங்களுக்கும் உண்டா?"

சடையப்பனுக்குப் பொய் வராது. அதற்கு வேண்டிய வேகம் அவனிடம் இல்லை. லேபர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று அங்கிருந்த கிளார்க் ஒருவர் சொன்னதை வாய் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். தலையைச் சொறிந்தான்.

"உண்டு" என்றான். "ஓட்டலும் அதுல கீது."

அமுலு மைசூர்பாகை வாயில் வைத்தபடியே செங்கமலத்தைப் பார்த்தாள். செங்கமலம் சடையப்பனைப் பார்த்தாள்.

"யோவ், இனிப்பு வாங்கினு வந்தியா, எங்கடைக்குக் கொள்ளி வாங்கினு வந்தியா?"

வீட்டுக்குப் போயும் அது ஓயவில்லை.

"நா இன்னா காண்ட்ராக்டரா? காரு கீதா எனுக்கு? ஃபேனுக்குக் கீழ குந்திகினு கீறேனா? நானும் அவங்களோட சேந்து அடுப்புலதானய்யா வேவறேன்."

"காரு இல்லாட்டியும் மொதலாளி மொதலாளிதாம்மே."

"ஆமா, மொதலாளி. ஒழுவுற கூரைக்கு மொதலாளி."

"தோ பாரு செங்கு" என்றான் சடையப்பன். "ரோட்ல குந்திகினு கூலியக் குடு, கூலியக் குடுன்னு கத்தினேன். தொண்ட இன்னும் ஆறல. வூட்டுக்கு வந்து அதே தொண்டையில ஒங்கடைச் சோத்த எப்டி முழுங்கறது? எங்காளுங்க சிரிக்க மாட்டானுங்க? அவங்க ரெண்டு பேரு கைக்கும் அந்தக் கூலி வர்ற வரிக்கும் உன் அடுப்புச் சோறு எனுக்கு வாணாம்."

சொன்னபடியே செய்தான். மறுநாளில் இருந்து நாயர் கடையில் டீயும் பொறையும். மத்தியானம் பன். கல்லாவில் இருந்து பார்த்தால் நாயர் கடை பெஞ்சு நன்றாகத் தெரியும். பொறையை டீயில் நனைத்து நனைத்து அவன் தின்பதை ஊரே பார்த்தது. ஐந்து படி அரிசி வேகிற அடுப்புக்குச் சொந்தக்காரியின் புருஷன். செங்கமலத்துக்கு நாண்டுகொண்டு சாகலாம்போல இருந்தது. ராத்திரி வீட்டில் சட்டியை மூடி வைத்துப் பார்த்தாள். காலையில் மூடின மாதிரியே இருந்தது.

"பேஜாரு புடிச்ச மனுசன்" என்று தேசம்மாவிடம் சொன்னாள். தேசம்மா வெங்காயம் உரித்தாள்.

விஷயம் மேசைக்கும் வந்துவிட்டது. மெஸ்ஸில் மாசக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் முக்கியமான இருவர் பட்டாபிராமனும் ஆபிரகாமும். இரண்டு பேரும் உள்ளே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். பட்டாபிராமன் குடும்பம் கும்பகோணத்தில், ஆபிரகாம் குடும்பம் நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரே லாட்ஜில் எதிரெதிர் அறை. எதிரெதிர் கட்சி.

"சட்டத்தாலே கூலியை ஏத்தினா என்ன ஆகும் தெரியுமோ?" என்றார் பட்டாபிராமன், இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே. "இட்லி விலை ஏறும். நான் நாலு சாப்பிடற இடத்துல மூணு சாப்பிடுவேன். இட்லி போறது குறைஞ்சா கடையில ஆள் குறைப்பா. கடைசியில அமுலுவுக்கே வேலை போயிடும். நல்லது பண்றதா நெனைச்சுண்டு பண்ற கெடுதல் இது."

"இன்னா சாமி" என்றாள் அமுலு, தண்ணீர் டம்ளரை வைத்தபடி. "நீ ஒரு இட்லி கொறச்சிகினதுக்கா எனுக்கு வேல போவும்? அப்ப நீ ஊருக்கு லீவுல போனா நாங்கல்லாம் பட்னி கெடந்து சாவணுமா?"

ஆபிரகாமுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "வே பட்டாபி, போன வருசம் ஒமக்கு பே கமிஷன் அரியர் வந்துச்சுல்லா? ஸ்கூட்டர் எடுத்தீரு. அப்ப எவனுக்கு வேல போச்சு?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது சென்ட்ரல் கவர்மெண்ட்."

"ஓஹோ, சென்ட்ரல் கவர்மெண்ட்டுக்கு வேற வயிறு, வேங்கப்பாக்கத்துக்கு வேற வயிறோ?"

"வெங்கப்பாக்கம் சார்" என்று திருத்தினாள் அமுலு.

கல்லாவில் இருந்து செங்கமலம் சொன்னாள்: "உங்களுக்கு அரியரு வந்த மாசமே இந்தத் தெருவுல வாடகை ஏறிச்சி சாமி. தேங்கா ஏறிச்சி. மீன்காரி, 'இன்னாடி, உங்காளுங்களுக்குத்தான் சம்பளம் ஏறிகிதாமே'ன்னு வெலய ஏத்திட்டா. நா மட்டுந்தான் ஏத்தல. இட்லி இன்னும் ஒரு ரூபாதான்."

"அதனாலதானே இங்க வரேன்" என்றார் பட்டாபிராமன். "நீயும் ஏத்தினியோ, எதிர்க்கடைதான். சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். எதிர்க்கடை சும்மா இல்லை. பெரிய கடை, ஃபேன் உண்டு, இட்லி ஒரு ரூபாய்தான். அங்கே சின்னப் பையன்களை வைத்து வேலை வாங்கினார்கள்.

செங்கமலம் யோசித்து யோசித்துப் பார்த்தாள். கூலியைக் கொடுத்தால் கூரை இல்லை. கொடுக்காவிட்டால் புருஷன் இல்லை. இருக்கிறான், ஆனால் பொறையோடு இருக்கிறான். இந்த நேரத்தில்தான் ஆபிரகாம் ஒரு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். டவுன்ஷிப்புக்குள் ரோகிணி டீச்சர் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை காலை இருநூறு இட்லி, வடகறி, சட்னி, சாம்பார். உள்ளே இருந்து அவளுக்கு வந்த முதல் ஆர்டர். இது நன்றாக நடந்தால் அடுத்து சீமந்தம், அடுத்து பிறந்த நாள் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். வந்தால் கூலியைத் தாங்கிக்கொள்ளலாம்.

அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் எல்லாம் கழுவி முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டாள்.

"இந்த வாரத்துல இருந்து உங்களுக்கு சர்க்கார் சொன்ன கூலி. சனிக்கெழம கைல வாங்கிக்கங்க. எட்டு மணி நேரந்தான் வேல. எல்லாம் சட்டப்படி."

அமுலு தேசம்மாவின் இடுப்பில் ஓர் இடி இடித்தாள்.

"ஆனா சோறும் சட்டப்படிதான்" என்றாள் செங்கமலம். "கூலியக் காசாத்தான் குடுக்கணுமாம், சோறு அதுல சேராதாம், எங்கூட்டுக்காரர்தான் சொன்னாரு. அதனால மொத ஈடு இனிமே யாவாரத்துக்கு. தூக்குல குழம்பும் கெடையாது."

அதைச் சொல்லும்போது அவள் தேசம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தை நினைத்துச் சொன்னாளா, கூரையை நினைத்துச் சொன்னாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கடுப்பும் இருந்தது.

"சரிக்கா" என்றாள் தேசம்மா. அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ் வரும் நேரம். நாலு மேசையும் நிரம்பி, இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தேசம்மாவும் அமுலுவும் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கல்லா மேல் காசை வைத்துவிட்டு, அப்போதுதான் காலியான மேசையில் போய் உட்கார்ந்தார்கள்.

"இன்னாடி இது?" என்றாள் செங்கமலம்.

"ரெஸ்ட்டு டைம்க்கா. சட்டப்படி அரைமணி" என்றாள் அமுலு. "எனுக்கு ரெண்டு இட்லி. வடகறி தனியா. தேசக்காவுக்கு இன்னா வேணும் கேளு."

"ரெண்டு" என்றாள் தேசம்மா.

பரிமாற ஆள் இல்லை. செங்கமலமே கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. அமுலு இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"சட்னி தண்ணியா கீதே. கெட்டி சட்னி இல்லியா?"

"நீதானடி அரைச்ச."

"அது காலைல. இப்ப நா கஸ்டமரு."

கடை முழுக்கச் சிரிப்பு. பட்டாபிராமன் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். "இதுவும் சட்டப்படியா?" என்று கேட்டார். பஸ்காரன் ஹாரன் அடித்தான். நாலு பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்கள். நாயர் கடை பெஞ்சில் சடையப்பன் பொறையை நனைத்தபடி இங்கே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. வந்து கேட்க வைராக்கியம் விடவில்லை.

செங்கமலத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்ன முள் ஒன்று காலில் ஏறினால் நடக்கும்போது மட்டும் குத்துமே, அப்படி இருந்தது. காசு வாங்கிக்கொண்டு தேசம்மாவுக்கு இட்லி வைத்ததை நினைக்கும்போதெல்லாம் குத்தியது.

வியாழக்கிழமை ஆர்டருக்காகத் தனியாக அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டார்கள். பஞ்சாயத்துக்காரர் வீட்டில் இருந்து பெரிய அண்டா ஒன்று இரவல் வந்தது. கிரைண்டர் மத்தியானம் முழுக்க ஓடியது. காற்றே இல்லை, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அன்றைக்கு இலை அசையவில்லை. தேசம்மா மாவை வழித்து அண்டாவில் போட்டாள். வழக்கமாக அவளே உப்பும் போட்டு, முழங்கை வரை விட்டுக் கலக்கி, மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அன்றைக்குக் கடைசி உளுந்து ஆடி முடிவதற்குள் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது.

"போங்கடி, நேரமாச்சி. நா பாத்துக்கறேன்" என்றாள் செங்கமலம். சட்டம் என்று சொன்ன வாய் அல்லவா.

அவளே கடைசி உளுந்தை வழித்தாள். அவளே கலக்கினாள். அரிசி மாவு வழித்தபோதே தேசம்மா உப்புப் போட்டிருப்பாள் என்று அவள் நினைத்தாள். கலக்குகிறவர்கள்தான் உப்புப் போடுவது என்பது அந்தக் கடையின் பழக்கம். பழக்கம் என்பதால் யாரும் அதை வாயால் சொல்லிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் அண்டா மூடியைத் திறந்தபோது மாவு விளிம்பு வரை பொங்கி நுரைத்திருந்தது. உப்பில்லாத மாவு கூடுதலாகத்தான் பொங்கும்.

"பாருடி, எப்டிப் பொங்கிகிது" என்றாள் பெருமையாக. "டீச்சரம்மாவுக்கு ராசி."

இட்லி பூவாக வெந்தது. ஈட்டுக்கு ஈடு இறக்கி, வாழையிலை போட்ட கூடைகளில் அடுக்கினார்கள். முதல் ஈடும் கூடைக்குத்தான் போனது. செங்கமலம் வெள்ளிக்கிழமை ஒருபொழுது. மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்தான். தேசம்மாவும் அமுலுவும் காசு கொடுத்தபின் சாப்பிடுகிறவர்கள். வேன் வந்து கூடைகளை ஏற்றிக்கொண்டு போனது. மூன்று பேரும் வாசலில் நின்று வேன் வளைவில் திரும்பும் வரை பார்த்தார்கள்.

பதினோரு மணி வாக்கில் ரோகிணி டீச்சர் மொபெட்டில் வந்து இறங்கினாள். கோயமுத்தூர்க்காரி. பட்டுப்புடவை மாற்றவில்லை. கையில் ஒரு டிபன் டப்பா.

"ஏனுங்க செங்கமலம், இதை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"இன்னிக்கு ஒருபொழுதும்மா."

"சும்மா நாக்குல வச்சுப் பாருங்க."

செங்கமலம் ஒரு துண்டு பிய்த்து நாக்கில் வைத்தாள். மென்றாள். மறுபடி மென்றாள். முகம் வெளிறியது.

"இட்லி பூவாட்ட இருந்துச்சுங்க, அதுல ஒண்ணுமே சொல்றதுக்கில்ல" என்றாள் ரோகிணி. "உப்புத்தான் இல்லீங்க. நல்ல வேளை, சாம்பார்ல இருந்துச்சு. வீட்ல பொடி இருந்துச்சு. சமாளிச்சுட்டோம். காது குத்துனப்பக்கூட எங்க பையன் அழுகுலைங்க. ஒரு வாய் இட்லி ஊட்டுனோம், ஒரே அழுகை."

அமுலு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று சொல்ல முடியாது.

"காசு வேணாம்மா" என்றாள் செங்கமலம். "எம்மேலதான் தப்பு. நாந்தான் கலக்கினேன்."

"காசு குடுக்காம இருப்பனுங்களா? எல்லாரும் வயிறார சாப்பிட்டாங்க. அடுத்த தடவ சொல்லியனுப்புறப்ப, ஒரு இட்லிய யாராச்சும் தின்னு பாத்துட்டு அனுப்புங்க. அவ்வளவுதான்."

காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் செங்கமலத்துக்குப் பதில் பேச வசதியாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் செய்தி டவுன்ஷிப் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிட வந்த ஆபிரகாம், "உப்புப் போட்டவங்கள நாலு பேரு நெனப்பாங்கன்னு சொல்லுவாவ. போடாதவங்கள ஊரே நெனச்சிட்டு இருக்குல்லா" என்றார். செங்கமலம் அவருக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. கடலில் இருந்து காற்று திரும்பி வந்திருந்தது. செங்கமலம் இருவர் கையிலும் புதுக்கூலியைக் கொடுத்தாள். இருவரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அமுலு இரண்டு தரம் ஒற்றிக்கொண்டாள். அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டே நின்றிருந்த மாதிரி சடையப்பன் உள்ளே வந்தான். முகம் வற்றியிருந்தது.

"இன்னா தேசம், கைக்கு வந்துச்சா?"

"கைக்கு வந்துச்சி அண்ணாத்த. வாய்க்குத்தான் வரல."

"இன்னா சொல்ற?"

அமுலு கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதல் ஈடு நின்றது, குழம்பு நின்றது, காசு வைத்து உட்கார்ந்தது. உப்பு விஷயம் மட்டும் அவனுக்கு முன்னமே தெரியும். நாயர் சொல்லிச் சிரித்திருந்தான்.

சடையப்பன் இலையை விரித்து உட்கார்ந்தவன் அப்படியே நிமிர்ந்தான்.

"இன்னாம்மே இது?"

"நீதான்ய்யா சொன்ன. காசாத்தான் குடுக்கணும், சோறு அதுல சேராதுன்னு."

"சோத்தக் காட்டிக் கூலியக் கொறைக்காதன்னு சொன்னேன். சோறே போடாதன்னு எவன் சொன்னான்? கொறஞ்சது இவ்ளோ குடுன்னுதாம்மே சட்டம். அதுக்கு மேல குடுத்தா உன்ன ஜெயில்ல போட்ருவாங்களா?"

"சட்டம் பேசறான் பாரு. கூரைய யாரு மாத்துவா? உன் சட்டமா?"

தகரத்தில் காற்று தடதடத்தது. தேசம்மா தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெறும் தூக்கைத்தான் அந்த வாரம் முழுக்கக் கொண்டுவந்து கொண்டுபோனாள். பழக்கம்.

"அக்கா" என்றாள். "கூலி கேட்டோம். அது எங்க ஒழைப்புக்கு. மொத ஈட நாங்க கேட்டு நீ போடல. நீயா போட்ட. நீயா நிறுத்தின. அதுக்கு நாங்க இன்னா சொல்றது? காசு குடுத்து இங்க துன்னும்போது எனுக்கு எறங்கல. உனுக்கு?"

செங்கமலம் கல்லாப்பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எனுக்கு மட்டும் எறங்கிச்சா" என்றாள்.

"வெலய ஏத்துக்கா" என்றாள் அமுலு. "கால் ரூபா. ஊருல எல்லாரும் ஏத்திட்டாங்க. உங்கிட்டதான் சல்லிசுன்னு வர்றாங்க. நீ எங்க கூலில சல்லிசு பண்ணி அவங்களுக்குப் போட்டுகினு இருந்த."

"சாமி எதிர்க்கடைக்குப் போய்டுவாரு."

"போட்டும்" என்றான் சடையப்பன். "எனுக்குப் பசிக்கிது."

செங்கமலம் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். வரும்போது ஒரு கையில் சோற்றுச் சட்டி, ஒரு கையில் மீன்குழம்பு. போகிற வழியில் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, தேசம்மாவின் இடுப்பில் இருந்த தூக்கின் மூடியைத் திறந்து, கரண்டி முட்டக் குழம்பு ஊற்றினாள். அமுலுவின் தூக்கிலும் ஊற்றினாள். பிறகுதான் புருஷன் இலைக்கு வந்தாள்.

"எத்தினி பொறைய்யா துன்ன ஒரு வாரத்துல?"

"அத ஏம்மே கேக்கற. கனவுலகூடப் பொறைதான் வந்துச்சி."

"நாயர் கடைய வாழ வச்சிட்ட."

அவன் சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். கருவாட்டுச் சட்டியைத் தேடிக் கண் போனது. அதையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஆணியில் தொங்கிய சிலேட்டுப் பலகையை எடுத்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். இட்லி என்று எழுதிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"கூரைக்கு இன்னொரு வருசம் டபராதான்" என்றாள்.

"நா ஏறி நாலு தகரம் போட்டு அடிச்சித் தரேன். இனிமே ஞாயித்துக்கெழமையில எனுக்கு லீவு, கூலியோட" என்றான் சடையப்பன், வாய் நிறையச் சோற்றோடு.

மறுநாள் காலை முதல் ஈட்டை தேசம்மாவும் அமுலுவும் சாப்பிட்டார்கள். செங்கமலமும் அவர்களோடு உட்கார்ந்து இரண்டு சாப்பிட்டாள். உப்பு ஒரு கல் தூக்கல். பட்டாபிராமன் வாசலில் நின்று பலகையில் புது விலையைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். சடையப்பன் கூரை மேல் ஏறினான். எட்டு மணிக்கெல்லாம் மாவு தீர்ந்தது.